கஞ்சி போட்ட கறிவேப்பிலை

வெள்ளைக்காரன் காலம். கல்யாணமான புதிது. ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் குழித்தறி ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி மோகனூர்க்காரி. சீர்வரிசையோடு அவள் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் கொண்டுவந்தாள். காவிரித் தண்ணி குடித்த செடி என்று அதற்கு வீட்டில் தனி மரியாதை. எனக்கு அதில் பாதிகூடக் கிடையாது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்பியவள், வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "ஏனுங்க, செடிக்குப் புளிச்சதை ஊத்துங்க. நான் வாரப்போ அது இல்லீன்னா, வந்த வண்டியை அப்படியே திருப்பிருவேனுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பவர்களுக்கு அவளைத் தெரியாது.

புளித்தது என்றால் ஊருக்கெல்லாம் மோர். தறிக்காரனுக்கோ தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சி. எங்கள் வீட்டில் எப்போதும் புளித்துக் கிடந்தது அதுதான். பானையோடு கவிழ்த்தேன். அத்தோடு விட்டேனா? தறிக்காரன் கை சும்மா இருக்குமா? நூலுக்குத் தடவுவதுபோல இலைக்கும் தடவி, பாவு நீவும் பிரஷ்ஷால் நீவியும் விட்டேன். வெயில் ஏறியதும் இலைகளெல்லாம் சலவை வேட்டி மாதிரி விறைத்து நின்றன. செடி தெம்பாகிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏந்தம்பி, இதையும் தறியில ஏத்தப்போறியா? சேலைக்கா, துண்டுக்கா?"

மறுநாளே கஞ்சிப் பருக்கைக்கு அவள் வீட்டுக் கோழிகள் படையெடுத்தன. வேரைக் கிளறி, இலையைக் கொத்தி, ஒற்றைக் குச்சியை மட்டும் எனக்கு விட்டுவைத்தன. அவசரமாகச் சுற்றிலும் படல் கட்டினேன். அதற்குப் பிறகு அதைப் பார்க்கவே பயம். எட்ட நின்று தண்ணீரை வீசிவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

பிள்ளையோடு வண்டி வந்து நின்றது. "அண்ணா, மாட்டை இப்ப அவுக்காதீங்க" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு நேரே புறக்கடைக்குப் போனாள். நான் பின்னாலேயே, திருடிவிட்டுப் பிடிபட்டவன் மாதிரி.

குச்சி குச்சியாகத்தான் நின்றது. ஆனால் அதைச் சுற்றி, கோழி கிளறி வேர் அறுபட்ட இடத்திலெல்லாம் பச்சைப் பச்சையாய்க் கன்றுகள்!

"அடேயப்பா, இத்தனை கன்னா! ஆருங்க செஞ்சது?"

மீசையைத் தடவிக்கொண்டேன். "எல்லாம் நாந்தான்."

"எங்கூட்டுக் கோழி, சாமி!" என்றது வேலிக்கு மேலிருந்து ஒரு குரல். கஞ்சிக் கதை முழுக்க வெளியே வந்தது. சிரித்துச் சிரித்து என் மனைவி பிள்ளையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒருவழியாக மூச்சுவிட்டு, "அண்ணா, மாட்டை அவுத்துருங்க" என்று வாசலுக்குக் குரல் கொடுத்தாள்.

அன்றைக்கு வீட்டிலிருந்த மோரெல்லாம் செடிக்குப் போயிற்று. என் வட்டிலில் கஞ்சி வந்தது.

"குடிங்க. நீங்களும் கொஞ்சம் வெறப்பா நிக்கோணுமில்லீங்க?"