கூடுதல் பாட்டரியில் ஓடிய ஒரு பகல்

என் மனைவிக்கு நுரையீரல் சுருங்கிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் பல வருஷம் பெருக்கித் துடைத்தவள். வேலை விட்டு வந்து முகம் கழுவினால் தண்ணீர் கறுப்பாக ஓடும். அப்போது அதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது அவள் மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில், காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்துக் கொடுக்கிற மெஷின். கரண்டு இருந்தால் அது ஓடும். கரண்டு போனால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள்.

அதற்காகவே காக்களூரில் வேலை பார்க்கும் என் மகள் கரண்டைச் சேமித்து வைக்கிற ஒரு பவர் ஸ்டேஷன் வாங்கி வந்தாள். இரண்டு பெட்டி. ஒன்றில் பிளக் பாயிண்ட், திரை, ஃபேன் எல்லாம் உண்டு. இன்னொன்று வெறும் பாட்டரி. தடியான ஒயரில் முதல் பெட்டியோடு சேர்த்தால் கூடுதல் நேரம் ஓடும். தனியாக அதில் ஒரு பல்பு கூட எரிக்க முடியாது. எங்கள் ஊர் இரும்புத் தூசி முதல் பெட்டியின் ஃபேனுக்குள் போய் அடைத்துக்கொண்டது. அதை மெட்ராஸுக்கு ரிப்பேருக்கு அனுப்பினோம். அடுத்த வாரமே புயல் மழை வந்தது.

காலை நாஷ்டா முடிந்த நேரம். டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு சத்தம், கரண்டு போயிற்று. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டினேன். அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வராது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எளாவூர் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, வருவோம், ஆனால் நேரமாகும் என்றார்கள். மூலையில் அந்தப் பாட்டரி முழு சார்ஜோடு உட்கார்ந்திருந்தது.

நான் நாற்பது வருஷம் கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டியவன். செக்போஸ்ட்டில் வண்டி வரிசையில் நிற்கும்போது சின்ன ஃபேன் போட்டுக்கொள்ள கேபினில் ஒரு குட்டி இன்வெர்ட்டர் வைத்திருந்தேன். அது இன்னும் பரணில் இருந்தது. எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, மூன்று வீடு தள்ளி இருக்கும் லாரி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். முழங்கால் தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பாட்டரியின் பொத்தானை அமுக்கியதும் சார்ஜைக் காட்டும் நான்கு விளக்கு எரிந்தது. தடி ஒயரின் மறுமுனையை வெட்டினார். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, கூடவே நூல் மாதிரி மெல்லிய ஒயர்கள். மெல்லியதை எல்லாம் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு மீட்டரை வைத்தார்.

"அண்ணா, அம்பத்தி மூணு வோல்ட்டு காட்டுது. உன் இன்வெர்ட்டரு இருவத்தி நாலு. மாட்டினா பொங்கலுக்கு முன்னாடியே போகி கொளுத்தலாம்."

"இப்ப இன்னா பண்றது?"

"எங்க தம்பி மைக் செட்டு கட்டுற பாட்டரி ஆட்டோவுல நாப்பத்தெட்டு வோல்ட்டு இன்வெர்ட்டர் ஒண்ணு கீது. அது இத்தத் தாங்கும். கழட்டிக்கினு வரேன்."

அவர் போய் வருவதற்குள் சிலிண்டர் முள் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. நான் மகளுக்குப் போன் போட்டேன். அவள் முதலில் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு நிதானமாகச் சொன்னாள்: "நைனா, அவரு சொல்றத மட்டும் செய். நீயா கை வெக்காத."

இங்கே என் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளீனராக நான் வண்டி ஏறிய காலத்தில் எங்களிடம் மீட்டர் கிடையாது. பாட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒயரை முனையில் லேசாக உரசுவோம். நீலமாகச் சொடுக்கினால் நல்ல சார்ஜ். சிவப்பாகப் பூத்தால் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஒரு முறை நாயுடுப்பேட்டை தாண்டி, மாம்பழ லோடோடு நின்றபோது இருட்டில் உரசிப் பார்த்தே எந்தப் பாட்டரி செத்தது என்று கண்டுபிடித்தேன். முதலாளியே மெச்சிக்கொண்டார். அப்படிப் பழகிய கை.

எலக்ட்ரீஷியன், தான் கொண்டு வந்த இன்வெர்ட்டரில் கறுப்பு ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தார். "இந்தச் சிவப்ப சொம்மா புடி" என்று என்னிடம் கொடுத்தார். நான் பிடித்தேன். இன்வெர்ட்டரின் முனை பக்கத்தில்தான் இருந்தது. உரசிவிட்டேன்.

பட்டென்று வெடித்தது. நீலப் பொறி என் கட்டை விரலைச் சுட்டது. பாட்டரியின் நான்கு விளக்கும் அணைந்தன.

"இன்னாண்ணா பண்ண?"

"ஒரு தபா உரசிப் பாத்தேன்."

"லாரி பாட்டரின்னு நெனச்சியா? இதுக்குள்ள காவலுக்கு ஒரு சர்க்யூட்டு கார்டு கீது. ஷார்ட்டுன்னு நெனச்சுக்கினு கதவ சாத்திக்கிச்சு."

"தொறக்குமா?"

அவர் பொத்தானை அமுக்கினார். ஒன்றும் எரியவில்லை.

உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி: "இன்னாய்யா... பட்டாசா... வெடிக்கிற?"

"ஒண்ணும் இல்ல. நீ பேசாத."

போய்ப் பார்த்தேன். சிலிண்டர் முள் சிவப்பில் இருந்தது. அவள் உதடு கொஞ்சம் நிறம் மாறியது போல எனக்குத் தோன்றியது. மழை வெளிச்சமா, உண்மையா, தெரியவில்லை. நாற்பது வருஷத்தில் பிரேக் போன வண்டியில் கூட இருந்திருக்கிறேன். அப்போது கூட இப்படிப் பயந்ததில்லை. அங்கே சாவு என்னுடையது. இங்கே என் கையால் அவளுக்கு.

மறுபடி மகளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தினாள்: "எல்லாத்தையும் கழட்டுங்க. கொஞ்ச நேரம் தனியா வுடுங்க. அப்புறம் பட்டன அமுக்கிப் புடிங்க."

கழற்றிவிட்டுக் காத்திருந்தோம். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எலக்ட்ரீஷியன் அமுக்கிப் பிடித்தார். இல்லை. விட்டு, மறுபடி, விரல் வெளுக்கிற வரைக்கும் அமுக்கினார். ஒரு விளக்கு வந்தது. பிறகு நான்கும்.

"நீ கைய பின்னால கட்டிக்கினு நில்லு" என்றார். கட்டிக்கொண்டேன்.

பையிலிருந்து லாரி ஹெட்லைட் பல்பு இரண்டை எடுத்தார். ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்த்துச் சிவப்பு ஒயருக்கு நடுவில் பிடித்தார். "காலி இன்வெர்ட்டரு ஒரே இழுப்பா இழுக்கும். பல்பு வழியா போனா மெதுவா போவும். அது வயிறு ரொம்பினப்புறம் நேரா குடுக்கலாம்." பல்புகள் ஒரு கணம் சிவந்து மங்கின. பல்பை எடுத்துவிட்டு ஒயரை நேராக முறுக்கினார். பொறி வரவில்லை. மெஷினைச் சொருகினோம். ஓடியது. வழக்கமான சத்தம் இல்லை, உள்ளே வண்டு புகுந்தது போல ஒரு ரீங்காரம். குழாயை மாற்றி மாட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் பெரிய பயம். முதல் பெட்டி இருந்தால் திரையில் இன்னும் எத்தனை மணி நேரம் என்று எழுதும். இதில் நான்கு விளக்கு மட்டும். சொல்லாமல் அணைந்துவிடும் என்று எலக்ட்ரீஷியன் எச்சரித்துவிட்டு, மழையில் ஆம்புலன்ஸை வழி மறித்துக் கூட்டி வர ரோட்டுக்குப் போனார். நான் அந்த விளக்குகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். நான்கு மூன்றாயிற்று. ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. மதியம், எளாவூர் தண்ணீர் வடியவில்லை, ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமே நிற்கிறது என்று எலக்ட்ரீஷியன் ரோட்டிலிருந்து போன் செய்தார். மூன்று இரண்டாயிற்று. ஒன்றானதும் நான் எழுந்து நின்றுகொண்டேன். நின்றால் எதையாவது செய்ய முடியும் என்பது போல.

சாயங்காலம் நெருங்கும்போது மேலே ஃபேன் சுற்றியது. கரண்டு.

மெஷின் பிளக்கை இன்வெர்ட்டரிலிருந்து பிடுங்கிச் சுவரில் சொருக வேண்டும், அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. பிடுங்குகிற அந்த ஒரு நொடி மெஷின் நிற்குமே. கரண்டு மறுபடி போனால்? பாட்டரி மறுபடி கதவைச் சாத்திக்கொண்டால்? கையை நீட்டினேன். பாதியில் இழுத்து, பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இன்னாத்துக்குய்யா வெலங்கு மாட்டின மாதிரி நிக்கிற?" என்றாள் அவள்.

"எலக்ட்ரீஷியன் வரட்டும்."

அவள் கட்டிலில் ஒருக்களித்து, குழாயோடு கையை நீட்டி, பிளக்கை அவளே பிடுங்கினாள். ரீங்காரம் நின்றது. வீட்டில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அவள் சுவரைத் தடவி ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து நானும் மூச்சு விடாமல் நின்றேன்.

மெஷின் ஒரு பீப் அடித்து ஓட ஆரம்பித்தது.

"இப்ப மூச்சு வுடு" என்றாள்.