கண் மூடாத வேண்டுதல்

முதல் பெரிய யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் கழிந்திருக்கும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலை மரக்கட்டை மேல் போட்டு, இருபக்கமும் பிடி வைத்த கத்தியால் சதையை வழித்தெடுப்பது என் வேலை.

அந்த ஆடியில் என் மூன்று வயது மகளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. எனக்கு வேறென்ன தெரியும்? இவள் எழுந்து உட்காரும்வரை கண் மூடமாட்டேன் என்று பெருமாளை வேண்டிக்கொண்டு அவள் தலைமாட்டிலேயே இருந்தேன். ஆறாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். பிள்ளை பிழைத்துவிட்டாள், என் தூக்கம்தான் திரும்பி வரவில்லை. படுத்தால் காது அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருக்கும். நான் அசந்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். இப்படியே ஒரு மாதம் ஓடிற்று.

ஒருநாள் கத்தி வழுக்கி, தோலைக் கிழித்து என் விரலையும் பதம் பார்த்தது. மேஸ்திரி பாய் ஓடிவந்தார்.

"தோலு போனா போவுது, கை போய்ட்டா இன்னா பண்ணுவே? மூஞ்சே பேஜாராக் கீது. நல்லாத் தூங்கி எழுந்துட்டு வா. அதுவரைக்கும் கத்தி குடுக்க மாட்டேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கத்தி பிடிக்காவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதே!

வேண்டுதல் முடிந்ததென்று சாமியிடம் சொல்லிவிட்டால் தூக்கம் வரும் என்று பள்ளிகொண்டா பெருமாள் கோயிலுக்குப் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் சாதிக்காரர்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். கோபுரத்துக்கு வெளியே கற்பூரம் ஏற்றிவிட்டு அழுதுகொண்டு நின்றேன். அங்கே ஒரு பரதேசி, என்னைவிட இளையவர், என்ன ஏது என்று விசாரித்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உள்ள சாமியே கால் நீட்டி யோக நித்திரையில கீது. உலகத்தைக் காக்கறவரே படுத்துகினு கீறாரு, நீ குந்திகினு காவல் காக்கறியா?"

பிறகு மண்ணிலேயே படுத்துக் காட்டினார். மல்லாந்து படுத்து, உள்ளங்கையை விரித்து, கால் விரல் தொடங்கி ஒவ்வோர் அங்கமாகத் தளர்த்த வேண்டும். இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும். சவாசனம் என்று அதற்குப் பெயராம். ஒரு வாழைப்பழம்கூட வாங்கிக்கொள்ளாமல் நடந்துவிட்டார்.

மூன்று ராத்திரி செய்தும் பலனில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை எண்ணி எண்ணி, அதையும் ஒரு விரதம் போலச் செய்தேன். நாலாம் ராத்திரி என் மனைவி விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

"இன்னாங்க இது, வெயில்ல காஞ்ச தோலாட்டம் வெறைச்சிகினு கீறீங்க! அத்த இழுத்தா மெத்துனு ஆயிடுமா? தண்ணியில போட்டு வுட்டுட்டு வேற வேலை பாக்கப் போறதில்லையா நீங்க?"

சுருக்கென்றது எனக்கு. பத்து வருஷமாகப் பார்க்கிற வேலை. காய்ந்த தோலை மடக்கினால் வெடித்துப்போகும். அதை இளக வைப்பது தண்ணீர், நாமில்லை.

"புள்ளய நான் பாத்துக்கறேன். நீங்க வுடுங்க" என்று என் நெற்றியில் கை வைத்தாள்.

எண்ணுவதை நிறுத்தினேன். பெருமாளே, இவளை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் சொல்லி மெதுவாக மூச்சை வெளியே விட்டேன். கண்ணோரம் நனைந்தது தெரியும். அப்புறம் ஒன்றும் தெரியாது.

மகள் என் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து, "நைனா, பசிக்குது" என்று மூக்கைப் பிடித்து இழுத்தபோதுதான் விழித்தேன். நல்ல வெயில் ஏறியிருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். அடுத்த வாரமே வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது அவள் ஆலங்காயத்தில் குடித்தனம் செய்கிறாள். அவள் மூச்சு என் காதுக்கு எட்டாத தூரம். ஆனாலும் தினமும் படுத்ததும் அவளைப் பெருமாளிடம் ஒப்படைத்து ஒரு நீண்ட மூச்சு விடுகிறேன், கவலையில்லாமல் தூங்கிவிடுகிறேன்.