தங்கம் பூசிய பெயர்

இருப்புக்கொள்ளாமல் போனால் எனக்குக் கை சும்மா இருக்காது. காட்பாடியில் ரயில் ஏறியதிலிருந்து முந்தானை ஓரத்தை உருட்டி உருட்டி நூலையே பிரித்துவிட்டேன். எதிர் சீட்டில் என் கணவர் இட்லியை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் போல ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன, நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று வேலூரில் டாக்டர் சொன்னது அவரைப் பார்த்துத்தான். கேட்டுவிட்டு வந்த ஆள் அதைப் பக்கத்து வீட்டுச் சமாசாரம் போல மறந்துவிட்டார். எனக்குத்தான் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பியவர். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் பக்கம் இரண்டாவது உத்தியோகம் தயாராக இருக்கும். ஏதாவது ஒரு தோல் கம்பெனி கேட்டில் நீலச் சட்டையும் விசிலுமாக நிற்க வேண்டியதுதான். அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்யூரிட்டி. அதே கம்பெனியில் நான் செக்கிங். முடிந்த ஷூக்கள் என் மேஜைக்கு வரும். தோலில் கீறல், பிசகிய தையல், பசைக்கறை எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்கி வைப்பது என் வேலை. வீட்டிலும் அதையே செய்கிறேன் என்று அவர் சொல்லாத நாள் கிடையாது.

ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

"இன்னா அவசரம் இப்போ? ஜாஸ்தி பேஜார் பண்ணாத" என்பார்.

"கொஞ்சமாவது பயப்படுங்களேன்! உங்களுக்குப் பதிலா நானா பயப்பட முடியும்?" என்று நான் கத்துவேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். ஆண்டவரே, இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் பயத்தைக் கொடும் என்றுகூட ஜெபம் செய்திருக்கிறேன். வேறு எந்தப் பெண்டாட்டியும் புருஷனுக்கு இப்படி வேண்டியிருக்க மாட்டாள்.

கடைசியில் ஒரு நாள் அவரே இறங்கி வந்தார். "மொதல்ல அந்த மலைக்குப் போய்ட்டு வந்துடலாம். அப்புறம் நீ சொல்ற மாதிரி பாத்துக்கலாம்" என்றார்.

அந்த மலை ஆந்திரக் கடற்கரையில் ஒரு ஊரில் இருக்கிறது. அவருடைய யூனிட்டில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் சங்கமாகச் சேர்ந்து, மேலே ஒரு நினைவுச் சின்னம் கட்டியிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை, ஒரே தேதியில் அங்கே கூடுவார்கள். இவர் ஒரு தடவையும் போனதில்லை. லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வருடம், மகள் பிரசவம் என்று ஒரு வருடம். பழைய போன் தண்ணீர் டிரம்மில் விழுந்து, நம்பரும் மாறிப்போன பிறகு, அவர்களோடு பேச்சுவார்த்தையே விட்டுப்போயிருந்தது. சொல்லாமல் போய்த் திடீரென்று முன்னால் நிற்கலாம் என்று அவருக்கு ஆசை. டாக்டரிடம் கேட்டேன். அவர் பிடிக்காத முகத்தோடு மாத்திரை எழுதிக் கொடுத்து, சீக்கிரம் திரும்பி வரச் சொல்லி, மேடு மட்டும் ஏறக்கூடாது என்றார். மலை உச்சிவரைக்கும் ஆட்டோ போகுமாம், அதனால் சம்மதித்தேன். பார்த்துவிட்டால் அப்புறம் சாக்குச் சொல்ல அவருக்கு எதுவும் மிச்சமிருக்காது என்று எனக்கு ஒரு கணக்கு.

அடிவாரத்தில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. அவர் அவற்றைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

"படியா? மூளை இருக்கா உங்களுக்கு?"

"பட்டாளத்துக்காரன் ஆட்டோவுல போய் எறங்குனா சிரிப்பானுங்க. மெதுவா ஏறலாம், வா."

நடுரோட்டில் சண்டை போட்டால் அதற்கும் அவருக்கு நெஞ்சு படபடக்கும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

கொஞ்ச தூரம் போனதும் நின்றார். "ஏய், கடல் பாரு, எப்படி இருக்குது" என்றார். திரும்பிப் பார்த்தேன். நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. கரை வளைந்து போய்த் தென்னந்தோப்புக்குள் மறைந்தது. மீன்பிடிப் படகுகள் விட்டு விட்டு நின்றன. காற்றில் தோல் வாடை கொஞ்சமும் இல்லாததே எனக்குப் புதிதாக இருந்தது. ஏறினோம். மறுபடி நின்று, "இங்கேருந்து பாரு, இன்னும் நல்லா தெரியுது" என்றார். பார்த்தேன். அடுத்த வளைவில் தூரத்துக் கப்பல் ஒன்றைக் காட்டினார். அப்போதுதான் கப்பலை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். சட்டைக் காலர் நனைந்து ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு கை கைப்பிடிக் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. என்னைக் கடல் பக்கம் திருப்பிவிட்டு மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு கீழே இறங்கலாம் போலிருந்தது. பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது, ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுதான். "கால் வலிக்குது, உக்காரணும்" என்று நான் பொய் சொன்னேன். அதன் பிறகு எனக்கு அடிக்கடி கால் வலித்தது. அவர் பெருந்தன்மையாக எனக்காகக் காத்திருந்தார்.

உச்சியில் கொடிமரம், புல்தரை, கடலைப் பார்த்து பெஞ்சுகள். செல்ஃபி எடுக்கும் கூட்டம் ஒரு பக்கம். பந்தலில் தொப்பியும் மெடலுமாக வயதானவர்கள், பட்டுப்புடவையில் அவர்கள் மனைவிமார்கள். நடுவில் வளைவாக ஒரு கருங்கல் சுவர், முழுக்கப் பெயர்கள். சண்டையில் இறந்தவர்கள் மட்டுமல்ல, யூனிட்டில் வேலை பார்த்த எல்லோர் பெயரும் அதில் இருக்கும் என்று ரயிலில் சொல்லியிருந்தார். எனக்கு அது பிடிக்கவேயில்லை. கறுப்புக் கல்லில் வெட்டிய பெயரை நான் பார்த்திருப்பது எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான்.

"உயிரோட இருக்கிற ஆளுக்குக் கல்லுல பேரா?" என்று கேட்டிருந்தேன்.

"உயிரோட இருக்கிறவனுக்கு வெட்டி மட்டும் வெச்சிருப்பாங்க. செத்தாதான் அதுல தங்கம் பூசுவாங்க" என்றார்.

பந்தலுக்குப் போகாமல் நேராகச் சுவருக்குத்தான் போனார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தேட ஆரம்பித்தார். அவருக்கு முன்பே என் கண் பிடித்துவிட்டது, பழக்கம் அப்படி. நம்பர், பதவி, அவர் பெயர், வேலூர் மாவட்டம். எல்லாம் சரியாக இருந்தது. வெயிலில் பளபளவென்று தங்கம் பூசியிருந்தது.

அவர் கையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"பாத்தியா, எனக்கு ப்ரமோஷன் குடுத்துட்டானுங்க."

பந்தலிலிருந்து ஒருவர் எங்களை உற்றுப் பார்த்தபடி வந்தார். சங்கத்துச் செயலாளர், சித்தூர்க்காரர், தமிழ் பேசுவார். பக்கத்தில் வந்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. "டேய், நீயா?" என்று கட்டிப்பிடித்து, விடாமல் முதுகைத் தட்டினார். பின்னாலேயே மற்றவர்களும் ஓடி வந்தார்கள்.

விஷயம் இதுதான். போன வருடம் எங்கள் சர்ச் கமிட்டித் தேர்தலில் இவர் ஜெயித்தபோது, தெருப் பையன்கள் மெயின் ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நல்ல போட்டோவே கிடைக்கவில்லையா என்னவோ, அவர் பட்டாளத்தில் சேர்ந்தபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டு, சுற்றி ரோஜாப்பூவும் போட்டுவிட்டார்கள். "கண்ணீர் அஞ்சலி மாதிரி இருக்குடா" என்று நான் அன்றைக்கே திட்டினேன். ராஜமுந்திரிக்காரர் ஒருவர், இவருடைய பழைய சிநேகிதர், பெங்களூர் பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்திருக்கிறார். அவருக்குத் தமிழ் படிக்க வராது. போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். ஊருக்குப் போனதும் அழுதுகொண்டே சங்கத்தில் சொல்லிவிட்டார்.

"ரெண்டு நிமிஷம் மௌனமா நின்னோம்டா உனக்கு" என்றார் செயலாளர்.

"எவன் எவன் அழுதான்? அதைச் சொல்லு மொதல்ல" என்றார் இவர்.

ஒரே சிரிப்பு. ஒருவர் இவரை அந்தப் பெயருக்குக் கீழே நிறுத்திப் போட்டோ எடுத்தார். இவரும் கண்ணை மூடி, நாக்கைத் துருத்திச் செத்தவர் போல நடித்துக் காட்டினார். எனக்குத் தாங்கவில்லை. சகுனம் பார்க்கக் கூடாது என்று எங்கள் போதகர் மேடைக்கு மேடை சொல்கிறவர். நானும் தலையாட்டிக் கேட்கிறவள்தான். ஆனாலும் அன்றைக்கு அந்தத் தங்க எழுத்து எனக்குச் சகுனமாகத்தான் பட்டது.

"இன்னாங்க சிரிக்கிறீங்க? அதை அழிங்க மொதல்ல!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் கைகூப்பினார். "தப்பு எங்க மேலதாம்மா. நாளைக்கே பெயிண்டரை வரச் சொல்றேன்."

"நாளைக்கு வரைக்கும் என் வீட்டுக்காரர் செத்தவராவே இருக்கணுமா?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் ஆளை அனுப்பி, ஸ்டோர் ரூமிலிருந்து பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். துடைப்பதற்குச் செயலாளர் வேறு யாரையோ கூப்பிடப் போனார். நான் பாட்டிலை வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். ஷூவில் கறை பட்டால் நாங்கள் தின்னர் தொட்டுத்தான் எடுப்போம். கைக்குட்டையை நனைத்துக் கல்லில் வைத்து அழுத்தினேன். புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, எழுத்தின் பள்ளத்துக்குள் விட்டுச் சுரண்டினேன்.

பந்தலில் விழா ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். ஒலிபெருக்கியில் யாரோ தெலுங்கில் பேசினார்கள். அவர் என் பின்னால் நின்றுகொண்டு, "நல்லா தேய், ஒரு புள்ளியையும் வுட்டுடாத" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

பெயிண்ட் இளகித் துணியில் மஞ்சளாக வந்தது. நான் அவசர அவசரமாகத் தேய்த்தேன், யாராவது வந்து தடுத்துவிடுவார்கள் போல.

"இவன் எப்போ போனான்?" என்று அவர் கேட்டார். என்னிடம் இல்லை. அவர் பெயருக்கு மேலே இருந்த பெயர் தங்கமாக இருந்தது. "இவனுமா?" என்றார், அதற்கும் மேலே பார்த்து. அந்த வரிசை முழுக்க அவரோடு சேர்ந்தவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், பனியில் ஒரே கம்பளியில் படுத்தவர்கள். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக்கொண்டே போனார். வெறும் கல்லாக இருந்தவை ரொம்பக் கம்மி. விரல் திரும்பி வந்து, நான் துடைத்துக்கொண்டிருந்த இடத்தில் நின்றது.

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு பயமா இருக்குடி" என்றார்.

என் கை நின்றுவிட்டது.

"டாக்டர் சொன்ன அன்னிலேர்ந்து பயம்தான். நெஞ்சைத் தொறந்துட்டு மூடாம வுட்டுட்டா இன்னா பண்றது? மயக்கம் குடுத்தா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டேன்னு தோணுது. அதான் தள்ளிப் போட்டுக்கினே இருந்தேன். ராத்திரியில நீ முழிச்சிக்கினு இருக்கிறது தெரியும். நானும் முழிச்சிக்கினுதான் கெடப்பேன்."

சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே சொன்னார். இவருக்குப் பயமே கிடையாது என்று நினைத்து எத்தனை திட்டியிருக்கிறேன். பயம் வர வேண்டும் என்று நான்தான் முழங்காலில் நின்றவள். அது வந்து அவர் முகத்தில் நின்றதைப் பார்த்ததும், வேண்டாம் ஆண்டவரே, எடுத்துக்கொள்ளும் என்றிருந்தது. இன்னொரு தடவை என்னிடம் கப்பலைக் காட்டினால் போதும், பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. அவரும் விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "ஆஸ்பத்திரிக்கு போன் போடு. எப்போ வரச் சொல்றாங்களோ வர்றோம்னு சொல்லு" என்றார்.

நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. எனக்குப் பேச்சு வராது என்று தெரிந்துவிட்டது. போனை அவரிடம் கொடுத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஆமாம்மா, நான்தான் பேசுறேன். நான்தான் பேஷண்ட்" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அழுவது அவருக்குத் தெரியக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு, கல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.