தூபம் போடாமலே வந்த புகை

கிட்ட வந்து உட்காருங்கள். பாட்டில் பக்கம் மட்டும் முகத்தைக் கொண்டு போகாதீர்கள். காலேஜ் லேபில் பாட்டில் தூக்கிப் பிழைக்கிறவனுக்கு மூக்குதான் முதல் மேலதிகாரி. ஆபீசருக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு, இதற்குக் கிடையாது. ஆசிட், பெயின்ட், ஃபினாயில் என்று எதையாவது முகர்ந்து சம்பளம் வாங்குகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்பா ரயில்வே வேலைக்காக கல்கத்தா கார்டன் ரீச்சுக்கு வந்தவர். எனக்குப் படிப்பு ஏறவில்லை. தெற்குக் கல்கத்தாவில் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி லேப் பேரர் ஆனேன். கூட வேலை பார்ப்பவள் ஷெஃபாலி. என்னை ‘மணிதா’ என்பாள். மணி அண்ணன் என்று அர்த்தம். புருஷன் இல்லை. மகள் நர்ஸிங் படிக்கிறாள். வீடு ஓடுவது இவள் சம்பளத்தில். ஆனால் பாவம், ஆஸ்துமாக்காரி. அமோனியா மூடி கொஞ்சம் தளர்ந்தால் எனக்குக் கண் கரிக்கும், இருமல் வரும், அதோடு போச்சு. அவளுக்கோ மூச்சே இழுத்துக்கொள்ளும்.

ஐஸ் வாளியில் மருமகன்

வெயில் காலத்தில் அமோனியா பாட்டிலுக்குள் காற்று அடைந்து முறுக்கிக்கொண்டு நிற்கும். அவசரப்பட்டு மூடியைத் திருகினால் ‘புஸ்’ஸென்று மூஞ்சியில் அடிக்கும். அதனால் முதலில் ஐஸ் தண்ணீரில் நன்றாகக் குளிர வைப்போம். பிறகு கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, புகையை இழுக்கிற கூண்டுக்குள் வைத்து, மூடியை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்போம். இதெல்லாம் கெமிஸ்ட்ரி மேடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஒருநாள் கணக்கு வாத்தியார் தண்ணீர் கேட்டு வந்தவர், ஐஸ் வாளியைப் பார்த்துவிட்டு, வெளியே மனிதன் வெந்து சாகிறான், பாட்டிலுக்கு இத்தனை உபசாரமா என்று கேட்டார். அது ஜமாய் ஷஷ்டி வாரம். மருமகனைக் கூப்பிட்டு மாமியார் விருந்து போடுகிற பண்டிகை அது. ஷெஃபாலி வாளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “மருமகன் வெயில்ல வந்திருக்கார் ஸார். குளிர வச்சிட்டுத்தான் பேச்சுக் கொடுக்கணும்.”

ரயிலில் கிடைத்த இடம்

வேலை உடுப்பை லேபிலேயே கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். ஒரு சாயங்காலம் மழை. லோக்கல் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் உடுப்போடு ஓடிவிட்டேன். அதன் முழங்கையில் அன்றைக்குச் சிந்திய அமோனியா லேசாக ஊறியிருந்திருக்கிறது. எனக்குப் பழகிய மூக்கு, தெரியவில்லை.

டாக்குரியா போகிற வண்டியில் அந்த நேரத்துக்குக் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு என்னைச் சுற்றி மட்டும் நன்றாகக் காலை அகட்டி நிற்கிற அளவுக்கு இடம். பெரியவருக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இறங்கும்போது ஒரு இளவட்டம் கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டான்: “அண்ணா, நாளைக்கு எந்தப் பெட்டியில ஏறுவீங்கன்னு இப்பவே சொல்லிடுறீங்களா?”

சுண்ணாம்புக் கோடு

எங்கள் ஸ்டோரில் உருப்படியான அறை ஒன்றுதான் உண்டு. பெரிய ஜன்னல், காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன். அதில் ஒரு மூலையில், இடுப்புக்குக் கீழே உள்ள தட்டில், அமோனியா. ஆசிட் எல்லாம் வேறு அலமாரியில், எட்டத்தில். இரண்டும் மூச்சு விட்டுக்கொண்டால்கூடப் போதும், வெள்ளையாய்ப் புகை கிளம்பும்.

போன மழைக்காலத்தில் ஒரு புது ஆபீசர் வந்தார். எல்லாரும் பெரியபாபு என்போம். கெட்டவர் இல்லை. அவருக்குக் கொடுத்த அறையில் மத்தியானம் முழுக்க வெயில். மனிதர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஃபைல் பார்ப்பார். எங்கள் ஜன்னல் அறையைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போனது. பாட்டில்களை மாடிப்படிக்குக் கீழே உள்ள அறைக்கு மாற்றச் சொன்னார். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. மேடம் போய்ச் சண்டை போட்டார். துர்கா பூஜை கழிந்ததும் அங்கேயும் ஃபேன் போட்டுவிடலாம் என்றார் பெரியபாபு. நம் ஊர் ஆபீஸ்களில் ‘பூஜை கழிந்ததும்’ என்றால் எந்த வருஷத்துப் பூஜை என்று யாருக்கும் தெரியாது.

தச்சன் வந்து ஆபீசர் மேசைக்கு அளவெடுத்து, ஜன்னல் ஓரத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனான். ஷெஃபாலி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. குரலை மட்டும் இறக்கிச் சொன்னாள்: “மணிதா, அந்த மாடிப்படி அறையில எனக்கு ஒரு வாரம் ஓடாது. மக படிப்பு முடியலயே.”

விஸ்வகர்மா பூஜை

தொழில் செய்கிற இடமெல்லாம் அன்றைக்குக் கருவிகளுக்குப் பொட்டு வைத்துப் பூஜை போடும். வானம் முழுக்கக் காற்றாடி பறக்கும். புது ஸ்டோருக்கு நல்ல தொடக்கமாக இருக்கட்டும் என்று பெரியபாபு பூஜையை மாடிப்படி அறையிலேயே வைத்தார். மேடம் லீவு. என்னைப் பூவும் பழமும் வாங்க கரியாஹாட் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். ஷெஃபாலி மொட்டை மாடியில் லுச்சி, அதாவது மைதாப் பூரி, பொரிக்கிற இடத்தில். அந்த நேரத்தில் ஆபீஸ் பியூன்கள் பக்தியோடு ஜன்னல் அறைப் பாட்டில்களை அங்கே எடுத்து வந்து, விஸ்வகர்மா சிலைக்கு முன்னால் உயர வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். காலையில் கிளாஸுக்கு எடுத்த அமோனியா, மூடி இறுகவில்லை. அதை ஒட்டியே ஆசிட் பாட்டில், கண்ணாடி மூடி, அதுவும் தளர்ச்சி.

நான் பூக்கூடையோடு வந்தபோது அறை நிறைய ஆள். புரோகிதர் மணி அடிக்கிறார். சாமி காலடியிலிருந்து மெல்லிய வெள்ளைப் புகை சுருண்டு சுருண்டு எழும்புகிறது. பெரியபாபு கண் கலங்கக் கும்பிட்டு நிற்கிறார். பின்னால் இருந்தவர்களுக்கும் கண்ணில் தண்ணீர். என்ன பக்தி என்று நானும் ஒரு நொடி கையெடுத்தேன்.

அப்போது வாசலில் என் தோளுக்குப் பக்கத்தில் ஷெஃபாலி வந்து நின்றாள். சாம்பிராணி போடுகிற மண் தூபக்கால் அவள் கையில் இருந்தது. இன்னும் நெருப்பே போடவில்லை. அதைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். மூச்சு அதற்குள் கீச்சுக் கீச்சென்று ஆரம்பித்துவிட்டது.

‘விஷப்புகை’ என்று ஒரு வார்த்தை விழுந்தால் அந்தக் குறுகிய வாசலில் மிதிபட்டுச் சாவார்கள். அவள் கத்தவில்லை. சமையலறைக் குரலில் சொன்னாள்: “லுச்சி பொரிச்சாச்சு. இப்ப வர்றவங்களுக்குத்தான் சூடு.”

முதலில் எழுந்தது புரோகிதர். மீதி மந்திரத்தை மாடிப்படி ஏறிக்கொண்டே சொன்னார். நான் மூச்சு விட்டு முடிப்பதற்குள் அறை காலி.

படிக்கட்டில் இருவர்

கதவைத் திறந்துபோட்டு, வாசலில் பெரிய ஃபேனை வைத்து, புகை தணியும்வரை நான் வெளியே நின்றேன். அப்புறம் கண்ணாடியும் கையுறையும் போட்டு உள்ளே போய் மூடிகளை இறுக்கி, அமோனியாவை முதலில் அதன் பழைய மூலைக்குக் கொண்டுபோனேன்.

திரும்பி வந்தபோது ஷெஃபாலி கூடத்துக் கதவருகே, நல்ல காற்றில், கீழ்ப்படியில் உட்கார்ந்து வாயில் ஆஸ்துமா பம்ப் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு படி மேலே பெரியபாபு. மாடிக்குப் போனவர் இருமல் கேட்டு இறங்கி வந்திருக்கிறார். பூஜைத் தட்டால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது; முகம் கறுத்துப்போயிருந்தது. எல்லார் முன்னாலும் புகையைக் கும்பிட்டவர். இப்போது யாராவது ‘உங்கள் தப்பு’ என்று சொல்லியிருந்தால், வீம்புக்கே பாட்டில்களைத் திரும்ப அங்கே வைத்திருப்பார்.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அவளே பேசினாள்: “டாக்குருக்கு இந்த இடம் பிடிக்கல ஸார். மத்தபடி பூஜை நல்லா நடந்தது.”

டாக்குர் என்றால் இங்கே சாமி. பெரியபாபு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, சாமியே சொன்ன பிறகு நான் யார், யோசிப்போம் என்றார். ‘யோசிப்போம்’ என்பதை நம்பி இத்தனை வருஷம் வேலை பார்த்தவள் இல்லை ஷெஃபாலி. முதலில் சாப்பிடுங்கள் ஸார் என்று அவரை மாடிக்கு அனுப்பினாள். இங்கே பல பட்டறைகளில் விஸ்வகர்மாவை மறுநாள் கங்கையில் கரைப்பதில்லை. அடுத்த வருஷம் புது சாமி வரும்வரை அதே இடத்தில் வைத்திருப்பார்கள், நடுவில் நகர்த்த எவனுக்கும் கை வராது.

பெரியபாபு ரெண்டாவது லுச்சிக்குக் கை நீட்டியிருப்பார், அதற்குள் இந்த மகராசி விஸ்வகர்மாவை இடுப்பில் தூக்கிவந்து, ஜன்னல் அறையில், தச்சன் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்குள் பிசகாமல் உட்காரவைத்து, கழுத்தில் புது மாலையும் போட்டுவிட்டாள்.