கடிக்காத கொசுவுக்கு ஒரு கையெழுத்து

விஞ்ஞானிகள் செய்யும் ஆராய்ச்சிக்காக ஊராரிடம் போய்த் திட்டு வாங்குவதுதான் என் உத்தியோகம். பெயர் மட்டும் மக்கள் தொடர்பு. கணக்கெடுக்க வீடு வீடாக ஏறி இறங்கும் ஆசிரியர்களே, இன்ஷூரன்ஸ் நண்பர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

எங்கள் நிலையம் மரபணு மாற்றிய ஆண் கொசுக்களை வளர்க்கிறது. அவற்றின் வாரிசுகள் பிழைக்காது, டெங்கு குறையும் என்பது திட்டம். பட்டினப்பாக்கத்தில் விடுவதற்கு அங்கே இருப்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் திட்டத்துக்கும் மூடுவிழா, என் வேலைக்கும் மூடுவிழா.

மிக மிகக் குறைவு

ஒத்திகைபோல முதல் கூட்டம் மயிலாப்பூரில். ‘ஆபத்தே இல்லை’ என்று சொல்லக் கூடாது, ‘மிக மிகக் குறைவு’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு. அப்படியே சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர், நாங்கள் கொடுத்த காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“குறைவுன்னா இருக்குன்னுதானே அர்த்தம்? காபி குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா ஆத்துலயே குடிச்சிருப்பேனே.”

கூண்டுக்குள் கை

பட்டினப்பாக்கத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ஆண் கொசு கடிக்காது என்று காட்ட, மீன் கடைகளுக்கு நடுவே கொசுக்கூண்டுக்குள் கையை விட்டேன். ஆண், பெண் பிரிக்கும்போது எப்போதாவது ஒரு பெண் கொசு தப்பி வந்துவிடும். எங்கள் அறிக்கையில் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிற சங்கதி அது. அன்றைக்கு வந்திருந்தது.

அது கடித்து முழங்கையில் தடித்ததை, சட்டைக் கையை இறக்கி மறைக்கப் பார்த்தேன். வெட்கக்கேடுதான். வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த செல்வியக்கா பார்த்துவிட்டார். வேறு வழியில்லாமல் பொடி எழுத்து விஷயத்தை எல்லோரிடமும் ஒப்புக்கொண்டேன்.

“கடிக்காதுன்னு நீ சொன்னது அதுக்குத் தெரியல போல கீது சார். சரி, உன் வூட்டாண்ட வுட்டியா?”

அடையாறு

விடவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமையே எங்கள் ஃப்ளாட் சங்கத்தில், இங்கேயும் கொசு விட அனுமதி கேட்டு விண்ணப்பம் வைத்தேன். செயலாளர் என் மனைவி. அறிக்கையைப் பொடி எழுத்துவரை படித்துவிட்டு, எல்லார் முன்னாலும் சிரித்த முகமாகச் சொன்னாள்.

“நல்ல திட்டம்தாங்க. முதல்ல அங்க விட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகலைன்னா இங்க யோசிக்கலாம்.”

மறுபடியும் மீன் கடை

பொய் சொல்ல மனசு வரவில்லை. செல்வியக்காவிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் படிவத்தை வாங்கி, மடித்து என் பையிலேயே வைத்தார்.

“மொதல்ல உன் பொண்டாட்டிகிட்ட வாங்கினு வா. அப்பால இங்க அத்தினி பேரும் போடுறோம்.”

ஆக, திட்டமும் என் வேலையும் இப்போது விஞ்ஞானிகள் கையில் இல்லை, தினமும் எனக்குச் சோறு போடுகிற கையில்தான் இருக்கின்றன.