மலையில் கூப்பிட்ட பெயர்

கல்யாணமாகித் தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தேனிலவு வாய்த்தது. என் கணவர் பர்மாவில், துறைமுகத்தை ஒட்டிய கியாக்டடா பேட்டையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கிளார்க். அவருடைய முதலாளி கலோ மலையில், புல்மேட்டின் நடுவே ஒரு குடில் கட்டி, புது ஜோடிகளுக்கு மட்டும் என்று விளம்பரம் செய்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் எந்தப் புது ஜோடி அங்கே போகும்? சும்மா பூட்டிக் கிடந்த குடிலை, லீவே எடுக்காத தன் கிளார்க்குக்குக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டார். "உங்க சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போங்க" என்று வேறு சொன்னாராம். தேனிலவுக்கு வேறு யாரைக் கூட்டிப் போவதாம்!

அதே ஊரில் தாமுவே பேட்டையில் எங்கள் மாடி வீடு இரண்டே அறை. மாமியார், கொழுந்தனார், அவர் மனைவி, அவர்கள் பிள்ளைகள், நாங்கள். எங்கள் கட்டிலுக்கும் பிள்ளைகள் படுக்கும் பாய்க்கும் நடுவே ஒரு திரைச்சீலை. அதனால் நானும் அவரும் குசுகுசுவென்றே பேசிப் பழகிவிட்டோம். சண்டைகூட அப்படித்தான். குசுகுசுவென்று சண்டை போட்டுப் பாருங்கள், பாதியிலேயே களைத்துப் போய்விடும்.

எங்களுக்கு ஒரு பெண் இருந்தாள். ஆறு வயதில், மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்த அன்றே மாமியார் சொல்லிவிட்டார், இனி யாரும் அவள் பெயரை வாயால் எடுக்கக் கூடாது என்று. எடுத்தால் பிள்ளையின் உயிர் வீட்டையே சுற்றிக்கொண்டிருக்குமாம், அடுத்தது தங்காதாம். பக்கத்து வீட்டு பர்மியப் பெண்மணியும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். மற்ற நாளில் இந்த இருவரும் எதிலும் ஒத்துப்போனதே கிடையாது. அடுத்தது என்று ஒன்று எங்களுக்கு வரவே இல்லை.

நான் குளிக்கும்போது தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அவள் பெயரைச் சொல்லிக்கொள்வேன். அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அழுதும் பார்த்ததில்லை. பிள்ளைக்கு மண் போட்டுவிட்டு வந்த அடுத்த வாரமே டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். இந்த மனுஷனுக்கு நெஞ்சு கல்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கலோவுக்குப் போனால், யாரும் இல்லாத இடத்தில், அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை ஒரு தடவையாவது வரவழைத்துவிட வேண்டும். கம்பளிகளோடு அந்த வைராக்கியத்தையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் நான் பஸ் ஏறினேன். ஓரகத்தி மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்துக் கண்ணடித்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

குடிலில் எல்லாமே இரண்டு. இரண்டு நாற்காலி, இரண்டு கோப்பை, இதய வடிவத்தில் இரண்டு சிவப்புத் தலையணை. மூன்றாவதாக ஒருவர் வந்தால் உட்கார இடமில்லாத வீடு. சரிவில் சற்றுக் கீழே, காவல்காரரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். நேபாளி வம்சத்தவர், வயதானவர். பர்மிய வழக்கப்படி நாங்கள் அவரை ஊலே, அதாவது மாமா, என்று கூப்பிட்டோம். எங்களுக்குக் கணப்பு மூட்டத் தெரியாமல் வீடு முழுக்கப் புகை. அவர்தான் வந்து, இருமிக்கொண்டிருந்த எங்களை வெளியே அனுப்பிவிட்டு மூட்டிக் கொடுத்தார். நெருப்பு பிடித்ததும், எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் பர்மிய மொழியில் கேட்டார்.

"பிள்ளைங்க எத்தனை?"

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் "இல்லை" என்றார்.

ஊலே போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "இல்லையா? அப்ப நான் பெத்தது யாரை?" என்றேன்.

"போற வர்றவங்ககிட்ட எல்லாம் கதை சொல்லச் சொல்றியா?"

"எங்கிட்டயாவது சொல்லலாமில்ல? ஒரு நாளாவது அவளைப் பத்திப் பேசியிருக்கீங்களா?"

இத்தனையும் குசுகுசுப்பில். கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு, மற்றபடி மலையும் மழையும்தான். அப்போதும் எங்களுக்குக் குரல் எழும்பவில்லை. "கத்துங்களேன், இங்க யாரு இருக்கா?" என்று நான் சொன்னதுகூடக் குசுகுசுப்பில்தான். அவர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு மழையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மழை சற்று விட்டபோது கொஞ்ச தூரம் நடந்தோம். என் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. நான் போட்ட கூச்சலில் அவரே பயந்துபோனார். குடிலுக்குத் திரும்பியதும் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, உப்பைத் தடவி அட்டையை எடுத்தார். ரத்தம் நிற்கும்வரை விரலால் அழுத்திக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருந்தார். உச்சியில் முடி கொட்டியிருந்தது. நல்ல மனுஷன்தான். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

சாயங்காலம் வானம் வெளுத்தது. புல்மேடு நெடுக மஞ்சள் வெயில். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் திட்டமெல்லாம் போடாமல், "இங்க வந்திருந்தா அவ ஒரு நிமிஷம் நின்னிருக்க மாட்டா, ஓடிட்டே இருந்திருப்பா" என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டின் விளிம்பை நோக்கி நடந்தார். பேச்சு வந்தால் எழுந்து போவது அவருக்குப் புதிதா என்ன, போகட்டும் என்று திரும்பினேன்.

அப்போது அவள் பெயர் கேட்டது.

முதலில் தொண்டையைச் செருமுவதுபோல் மெதுவாக. பிறகு சத்தமாக, கடைசி எழுத்தை இழுத்து. வேலை முடிந்து வந்ததும் தெருவில் நின்று மாடியைப் பார்த்து அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் பால்கனியிலிருந்து கயிற்றில் சாவியைக் கட்டி இறக்குவாள். அதே இழுப்பு. ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. இத்தனை வருஷம் வளர்த்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, எனக்கும் அழுகைதான் வந்தது.

கீழேயிருந்து ஊலே தடியும் கையுமாக மூச்சு வாங்க ஓடிவந்தார். பின்னாலேயே அவர் மனைவி. பிள்ளையே இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தோம். அந்தக் குரலைக் கேட்டபின் அதெல்லாம் அவருக்கு நினைவில் இல்லை போலும்.

"குழந்தையைக் காணோமா? என்ன வயசு?"

நான் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர் சொன்னார்: "ஆறு."

"என்ன உடுப்பு?"

"மஞ்சள் கவுன். பாக்கெட்ல பூ போட்டிருக்கும். ரெண்டு கன்னத்துலயும் தனாக்கா பூசியிருக்கு."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையில் நான் அவளுக்குப் போட்டுவிட்ட கவுன் அது. சந்தனம்போல அரைத்து அந்தத் தனாக்காவைப் பூசிவிட்டதும் நான்தான், காய்ச்சல் முகத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று. அந்தக் காலையில் அவர் டாக்ஸியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார், பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஊலே மேற்கொண்டு கேட்க நிற்கவில்லை. மனைவியைப் பைன் மரங்கள் பக்கம் அனுப்பிவிட்டு, தான் ஓடைப் பக்கம் இறங்கினார். இரண்டு பேரும், தங்கள் நாக்குக்கு வந்தபடி, என் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் அது கேட்டுக்கொண்டிருந்தது.

"போய்ச் சொல்லுங்க. வயசானவங்க, பாவம், தேடுறாங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் தேடட்டும்" என்றார்.