புகைக்கா, மருந்துக்கா

அக்கா அதை என்னிடம் சொன்னதே பெரிய விஷயம். பெருங்களத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அவள் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அந்த மாதம் மெஷின் சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்டது. ஒரு நாள் என் மனைவி மாடிக்குத் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு மூலம்டா. உட்கார முடியல. தாம்பரம் மார்க்கெட்ல குங்கிலியம் நூறு கிராம் வாங்கிட்டு வா. யார்கிட்டயும் சொல்லாத."

குங்கிலியம் என்பது மரத்தில் வடியும் பிசின்; சாம்பிராணி போலத் தணலில் போட்டுப் புகை போடுவதும் உண்டு. பொடித்து, சூடான நல்லெண்ணெயில் கரைத்து வடிகட்டி, தண்ணீரில் ஊற்றிக் கையால் அடித்து அடித்துக் கழுவினால் வெண்ணெய் போல வெளுத்து வரும். எங்கள் அம்மா தீக்காயத்துக்கும் குதிகால் வெடிப்புக்கும் மூலத்துக்கும் அதைத்தான் பூசுவாள்.

நாட்டு மருந்துக் கடையில் கூட்டம். எங்கள் தெரு டீச்சரும் அங்கே கஸ்தூரி மஞ்சள் வாங்கிக்கொண்டிருந்தார். "அக்கா நல்லா இருக்காங்களா? என் ப்ளவுஸ் இன்னும் வரல" என்றார். தலையாட்டினேன்.

"இன்னா சார் வேணும்?" என்றார் கடைக்காரர்.

"குங்கிலியம்."

"புகைக்கா, மருந்துக்கா?"

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கு என்றால், அடுத்து என்ன மருந்துக்கு என்று கேட்பார்கள். "புகைக்கு" என்றேன்.

"இதுல கலப்பு கீது சார். புகை போடத்தான் ஆவும். ஒடம்புல தடவிடாதீங்க" என்று பொட்டலத்தைக் கையில் வைத்தார்.

அது காதில் விழவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். விழுந்தது. டீச்சர் போன பிறகாவது மாற்றிக் கேட்டிருக்கலாம். குதிகால் வெடிப்புக்கு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பஸ் ஏறிய பிறகுதான் அது தோன்றியது. அக்காவின் ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று வீடு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்றே காய்ச்சினாள். ஏழு தண்ணீர் மாற்றியும் பழுப்பாகவே இருந்தது. "எண்ணெய் அதிகமா காஞ்சிருச்சு போல. என் தப்புதான்" என்றாள். பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டு நாள் பூசினாள். மூன்றாம் நாள் மெஷின் சத்தமே இல்லை. கவிழ்ந்து படுத்துத் தலையணையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். "எரியுதுடா. உன்னையும் வீணா அலைய வெச்சேன்."

அப்போதே மறுபடி கடைக்குப் போனேன். நாலைந்து பேர் நின்றார்கள். "மருந்துக்கு. மூலத்துக்கு. போன தடவை புகைக்குன்னு வாங்கினதைப் பூசி எரியுது" என்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "மொதல்ல டாக்டராண்ட காட்டு சார். எரிச்சல் ஆறட்டும்" என்ற கடைக்காரர், பொட்டலத்தின் மேல் 'மருந்துக்கு' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

அக்கா அதைப் படித்தாள். "அப்ப போன தடவை என்னன்னு கேட்டு வாங்கின?"

தரையைப் பார்த்தேன்.

"சொல்லுடா."

"புகைக்குன்னு. டீச்சர் நின்னுட்டு இருந்தாங்க."

பொட்டலத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, "வலி எனக்கு, கூச்சம் உனக்கா?" என்றாள்.

டாக்டர் கொடுத்த மருந்தில் எரிச்சல் தணிந்தது. அதன் பிறகு புதுப் பொட்டலத்தைக் காய்ச்சினாள். நாலாவது தண்ணீரிலேயே வெளுத்தது. தண்ணீர் ஊற்ற என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது பழையபடி தைக்கிறாள். கோபம் இல்லை, சாப்பாடு போடுகிறாள், கேலி பேசுகிறாள். கடைக்குக் கிளம்பும்போது ஏதாவது வேண்டுமா என்று கேட்டால் மட்டும் "ஒண்ணும் வேணாம்" என்கிறாள்.

போன வாரம் டீச்சர் என்னைத் தெருவில் நிறுத்தினார். "உங்க அக்காவைத் தாம்பரத்துல பார்த்தேன். பஸ்ல இடம் இருந்தும் உட்காரல, நின்னுக்கிட்டே வந்தாங்க. மூலம் திரும்ப வந்திருச்சு, மருந்து குடுங்கன்னு அவங்களே கடையில கேட்டு வாங்கினாங்க. பாவம், நீங்க வாங்கித் தரக் கூடாதா?"

அதற்கும் தலையாட்டினேன்.